பல வருடம் நின்ற கார், கையில் பணம் குறைவு: வீட்டிலேயே சரிசெய்ய எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாவிக்கொத்து:

வணக்கம். அப்பா ஓட்டிய கார் ஒன்று பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனை) வைத்த பழைய வகை, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எந்த ரிப்பேருக்காகவும் நிறுத்தவில்லை, ஓட்ட ஆள் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. இப்போது இன்ஜின் சுற்றவில்லை, பிரேக்கை மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போகிறது, கதவுகளின் அடி ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, டிரைவர் பக்கத் தரையில் காலை அழுத்தினால் மெல்ல உள்வாங்குகிறது. கண்ணாடி, விளக்கு, பம்பர், மீட்டர் போர்டு எல்லாம் முழுதாக இருக்கின்றன.

பட்டறையில் விட்டு முழுதாகச் செய்து வாங்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை. மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்க முடியும், விடுமுறை நாட்களில் நேரம் உண்டு. ஸ்பானர் செட், ஜாக்கி, மல்டிமீட்டர் இருக்கிறது. ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது மாதிரி சர்வீஸ் வேலைகள் பழக்கம், வெல்டிங் தெரியாது. போட்டியில் நிறுத்தும் அளவுக்குப் பளபளப்பு வேண்டாம், பத்திரமாக ஓட வேண்டும், பார்க்க அடக்கமாக இருந்தால் போதும்.

எதில் கை வைப்பது, எதை வெளியே கொடுத்தே ஆக வேண்டும், எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு ஆரம்பிப்பதா அல்லது ஒவ்வொரு இடமாகப் போவதா? வீட்டில் எல்லோரும் முதலில் பெயிண்ட் அடி, பார்க்க நன்றாக இருந்தால்தான் மேலே செய்ய மனசு வரும் என்கிறார்கள்.


தகரம்:

தம்பி, வீட்டில் யார் என்ன சொன்னாலும் பெயிண்ட் கடைசிதான். அதைப் பிறகு பேசலாம்.

பழைய கார் என்றால் இன்ஜின்தான் பணத்தை விழுங்கும் என்று பயப்படுவார்கள். இன்ஜினை அளந்து பார்த்து இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட முடியும். துருவை அப்படிச் சொல்ல முடியாது, தோண்டத் தோண்டத்தான் தெரியும், பாதியில் கைவிடப்பட்ட கார்களில் பெரும்பாலானவை தகட்டு வேலையில்தான் நின்றிருக்கும். அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் காரை முழுக்கத் தட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

சீட்டைக் கழற்றுங்கள், கார்பெட்டையும் அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் தார் ஷீட்டையும் எடுத்துவிடுங்கள். மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து அதன் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், போன தகட்டில் சத்தம் அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். மேலே பெயிண்ட் முழுசாகத்தான் இருக்கும், அழுத்தியதும் முனை உள்ளே இறங்கிப் பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாகத் துரு உதிரும். அப்படியே வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டு போய், எங்கே தகடு கெட்டியாக நின்று முனையைத் தள்ளுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டை உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைவிட இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு கூட இருக்கும். மனம் தளர வேண்டாம், எல்லாப் பழைய காரிலும் இப்படித்தான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது: கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான சட்டம், ஜாக்கி கொடுக்கும் இடம், பின் ஸ்பிரிங் வந்து மாட்டும் இடம், முன் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் தகடு. தனி சேசிஸ் இல்லாத காரில் இவைதான் காரின் எலும்பு. அப்புறம் பேட்டரித் தட்டு (ஆசிட் சிந்திச் சிந்தி அரித்திருக்கும்), முன் கண்ணாடியின் அடி ரப்பர் ஓரம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. மட்கார்டு, கதவு போன்ற இடங்களில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலே நகர்த்திப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் யாரோ பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

தரையில் மட்டும் ஓட்டை என்றால் துணிந்து இறங்குங்கள், தட்டையான தகடு, வேலை எளிது. பக்கச் சட்டமும் ஸ்பிரிங் மாட்டும் இடமும் சேர்ந்து போயிருந்தால் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் அதை அரைகுறையாகச் செய்துவிட்டு ரோட்டில் இறக்கவே கூடாது.

வெல்டிங்கை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வெல்டிங்குக்கு முந்தைய வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம். பட்டறையில் நேரம் போவது பெரும்பாலும் அதில்தான். கோடு போட்ட இடத்தை வெட்டி எடுத்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்டும் தாரும் இல்லாமல் சுரண்டி வெள்ளைத் தகடாக்கி, அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, அதே அளவில் தகட்டை வெட்டி மடக்கிப் பொருத்தி வைத்துவிடுங்கள். வெல்டர் வந்தால் பற்ற வைப்பது மட்டும்தான் அவர் வேலை. கார் பாடித் தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. கனம்தான், கேட் கிரில் செய்யும் ஆர்க் வெல்டிங் அதில் ஓட்டைதான் போடும். மெல்லிய கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங், 0.6 மி.மீ. கம்பி வைத்திருக்கும் ஆளாகப் பாருங்கள், ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைப்பவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

பக்கச் சட்டத்தை வெட்டுவதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே கதவு திறப்பின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்ற வைத்துவிட வேண்டும். அது இல்லாமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது.


நாலு சிலிண்டர்:

இன்ஜின் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல நிலையில் நிறுத்திய வண்டி என்கிறீர்கள், அப்படியென்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தயவுசெய்து பேட்டரி மாட்டி செல்ஃப் போட்டுப் பார்க்காதீர்கள், கியரில் போட்டுத் தள்ளவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட ரிங் ஒடிந்தால் சும்மா ஆகியிருக்க வேண்டிய வேலை, சிலிண்டரைக் கடையும் போர் வேலையாகிவிடும்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றுங்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் கூடாது. சில நாள் அப்படியே விடுங்கள், தினமும் கொஞ்சம் சேர்க்கலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்ட பாக்ஸ் ஸ்பானரை வைத்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். நட்டு கழலும் திசையில் போட்டு இழுத்தால் நட்டுதான் கழலும், கவனம். முதலில் ஒரு மயிரிழை அசையும். அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அங்கிருந்து பொறுமையாக அசைத்துக்கொண்டே இருந்தால் முழுச் சுற்று வந்துவிடும். பலத்தைக் காட்டுவதைவிடக் காத்திருப்பது நல்லது.

சுற்ற ஆரம்பித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் பெல்ட்டை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது, செயின் என்றால் பரவாயில்லை. பிளக் இல்லாமல், காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபில் விட்டுவிட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை பாருங்கள். பல வருடம் காய்ந்துகிடந்த பேரிங்குக்கு முதலில் ஆயில் போய்ச் சேர வேண்டும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் தொடாதீர்கள், அது பிசினாகியிருக்கும். முழுதாக வடித்துவிட்டு, ரப்பர் ஹோஸ்களை எல்லாம் புதிதாகப் போடுங்கள், இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஊறி விண்டுபோகும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை கிளீனரிலும் காற்றிலும் மட்டும் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். புது கார்பரேட்டர் வாங்க வேண்டியதில்லை, கேஸ்கெட்டும் நீடில் வால்வும் உள்ள ரிப்பேர் கிட் பெரும்பாலும் போதும். பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து இடைவெளி வையுங்கள், பல கார்களுக்கு 0.4 மி.மீ. அளவில் வரும், உங்கள் காரின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஓடி சூடானதும் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் கொடுக்கும் அழுத்தம், பாருங்கள். கேஜ் இரவல் கிடைத்தால் போதும். நான்கு பிளக்கும் வெளியே, ஆக்ஸிலேட்டர் முழுதாக மிதித்த நிலை. எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதுதான் விஷயம், அதிகமும் குறைவும் 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவு என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வால்வும் கேஸ்கெட்டும் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலை, வால்வை வீட்டிலேயே பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம். ஹெட் நெளிந்திருந்தால் மட்டும் லேத்துக்கு அனுப்புங்கள்.


சாவிக்கொத்து:

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. தகரம் அண்ணா சொன்னபடி தட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கத் தரை நிச்சயம் போய்விட்டது, பக்கத்து சீட் பக்கம் ஓரமாகக் கொஞ்சம், பேட்டரித் தட்டு முழுதாகப் போய்விட்டது. பக்கச் சட்டங்கள் இரண்டிலும் முனை இறங்கவில்லை, ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் கெட்டியாக இருக்கின்றன. கதவுகளின் அடி உள்மடிப்பில் துரு இருக்கிறது. இன்ஜினில் ஆயில் கலவை ஊற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். வயரிங் எல்லாம் எலி கடித்த மாதிரி ஆங்காங்கே உரிந்திருக்கிறது. முழு வயரிங் மாற்ற வேண்டுமா?


மின்பொறி:

பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில், குறிப்பாக 1960களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில், பல பாசிட்டிவ் எர்த். அதாவது பாசிட்டிவ் கம்பி பாடியில் போய்ச் சேரும். தெரியாமல் திருப்பி மாட்டினால், ஆல்டர்னேட்டர் உள்ள காரில் டையோடு உடனே போய்விடும். கம்பியின் முனையைக் கவனித்து, மேனுவலோடு ஒத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

முழு வயரிங் மாற்றத் தேவையில்லாமலும் இருக்கலாம். பழைய காரின் வயரிங் மிக எளிமையானது, நிறத்தை வைத்தே பின்தொடரலாம். பேட்டரிக்கும் காருக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டுங்கள், எல்லா ஸ்விட்சும் ஆஃப். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு நடுவில் இருப்பதால் வயர் எரியாது, நிதானமாக ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்து எந்த வழியில் கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். பழைய கார்களில் ஃபியூஸே இல்லாத வயர்களும் உண்டு, ஆகவே எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எரிந்தால் பயப்படாமல் ஹெட்லைட், இக்னிஷன் வழிகளைக் கழற்றிப் பாருங்கள்.

உரிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு அதே கனத்தில் புது வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வயரை கையில் மடக்கும்போது மேலுறை மொடமொடவென்று விரிசல் விட்டால் மட்டும் அந்த வழியை முழுதாக மாற்றிவிடுங்கள். துணி சுற்றிய பழைய வயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுதும் மாற்ற வேண்டியதுதான்.

பழைய காரில் வரும் மின்கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் கோளாறு. விளக்கு மங்கல், செல்ஃப் இழுக்கவில்லை, ஹார்ன் கரகரப்பு என்றால் புதுப் பாகம் வாங்க ஓடாதீர்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் பட்டை, விளக்குகளின் எர்த் திருகு, இவற்றைக் கழற்றி உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டிக் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்புக்கு வரும் பாசிட்டிவிலும் வையுங்கள் (பாசிட்டிவ் எர்த் கார் என்றால் நெகட்டிவில்). அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ இணைப்பு சரியில்லை. ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), இரண்டு ஃபியூஸ் சேர்த்துப் போட்டால் ஹெட்லைட் மின்சாரம் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகாது, விளக்கும் பளிச்சென்று எரியும், ஸ்விட்சும் நீடிக்கும். பணம் குறைவாக இருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் மின்வேலை என்று இதைத்தான் சொல்வேன்.


கடைசி கியர்:

யாரும் இன்னும் பிரேக் பற்றிப் பேசவில்லை, அதுதான் எனக்குக் கவலை. பெடல் தரைக்குப் போகிறது என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஷெட்டிலிருந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். பிரேக் முடியாமல் காரை அதன் சொந்த சக்தியில் ஒரு அடி கூட நகர்த்தாதீர்கள்.

காரைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது, செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது, அவை சொல்லாமல் கொள்ளாமல் உடையும். நல்ல ஸ்டாண்ட் இரண்டு ஜோடிதான் இந்த வேலையில் நீங்கள் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டிய பொருள், மற்றதையெல்லாம் இரவல் வாங்கலாம்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போடுங்கள், முகத்தில் நல்ல மாஸ்க் இருக்கட்டும். டிரம் வரவில்லை என்றால் ஷூவின் அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் தளர்த்துங்கள், பிறகு ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிகிறது என்று அர்த்தம். பிஸ்டனை வெளியே தள்ளி, உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் முழு கதையும் தெரியும். மெல்லிய பழுப்புக் கறை மட்டும் இருந்தால் லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும். நகத்தை வைத்து இழுக்கும்போது குழி தட்டுப்பட்டால் அந்தச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம், குழி உள்ள சுவரில் புது ரப்பரும் கொஞ்ச நாளில் கிழியும். மாஸ்டர் சிலிண்டருக்கும் இதேதான். இந்த ரப்பர்கள் எதன் மேலும் பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் படக் கூடாது, உப்பிப் போய்விடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவி மாட்டுங்கள்.

ரப்பர் பிரேக் ஹோஸ்களை வெளியிலிருந்து பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பழையதாகும்போது அவை உட்பக்கம் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும், மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடாகும். பல வருடம் நின்ற காரில் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இரும்புக் குழாய்களையும் நீளம் முழுக்கத் துணியால் துடைத்துப் பாருங்கள், கிளிப் பிடிக்கும் இடத்தில்தான் அரித்திருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியபின் அது 140 ஆகக்கூட இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி அடைத்துப் பெடல் தரைக்குப் போகும். பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, மூடி பிரிக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றி, மாஸ்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். சிலிகான் ஆயிலான டாட் 5 ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டை அது தின்றுவிடும்.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பிறகு வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது, அதில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டக் கூடாது, ஷெட்டுக்குள் காரை உருட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


பழைய நட்டு:

கொஞ்சம் மாறுபட்ட கருத்து. முழுதாகக் கழற்றிவிட்டு, தகட்டை வெள்ளையாக்கி, ஒரே மூச்சில் செய்தால்தான் வேலை சுத்தமாக வரும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று செய்தால் இன்று பெயிண்ட் அடித்த இடத்தை அடுத்த மாதம் வெல்டிங்குக்காகச் சுரண்ட வேண்டிவரும்.


தகரம்:

நீங்கள் சொல்வது வேலையின் தரத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் கையில் பணமும் இடமும் இருப்பவருக்கான வழி அது. மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்குபவர் மொத்தமாகக் கழற்றினால், வேலைக்கு நடுவே பணம் தீரும், பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கிடக்கும், எது எங்கே மாட்டியிருந்தது என்று நினைவிலிருந்து போகும், கடைசியில் யாருக்கோ அப்படியே கொடுத்துவிடுவார்கள். இவருடைய காரில் எலும்பு நன்றாக இருக்கிறது, அதைப் பிரித்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.

தம்பி, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: தரையும் பேட்டரித் தட்டும் முதலில், ஏனென்றால் வெல்டிங் தீப்பொறி பறக்கும் வேலை முடிந்த பிறகுதான் புது ஹோஸும் வயரும் போட வேண்டும். அடுத்து பிரேக், கூடவே ஸ்டியரிங் மூட்டுகள். அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் செய்வது, வயரிங். ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு பகுதியைக் கழற்றுங்கள், அதை முடித்து மாட்டிய பிறகே அடுத்தது. கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், நட்டு போல்ட்டை சின்னச் சின்ன உறையில் போட்டு எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். வராத போல்ட்டை இழுத்து ஒடிக்காதீர்கள். துரு இளக்கும் ஆயில் ஊற்றி ஒரு இரவு விட்டு, நட்டைச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் கொஞ்சம் கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். ரிங் ஸ்பானரில் ஆறு முனை உள்ளது பிடிக்கும், பன்னிரண்டு முனை உள்ளது துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும்.

சிறிய பாகங்களின் துருவை வீட்டிலேயே மின்சாரத்தால் எடுக்கலாம், செலவு மிகக் குறைவு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவை உதவாத இரும்புத் துண்டில். இரண்டும் தொடக் கூடாது. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம், துத்தநாகம் பூசிய இரும்பும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும், திறந்தவெளியில் வையுங்கள், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகுப் பாகங்களை இதில் போடக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் ஏறி முறியும் தன்மை வந்துவிடும்.

கண்ணாடி, விளக்கு, மீட்டர் எல்லாம் முழுதாக இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். இன்ஜின் பாகம் எப்படியாவது கிடைத்துவிடும். கிரில்லின் ஒரு ஓரப் பட்டை, கதவுக் கைப்பிடி, முன் கண்ணாடி, இவற்றைத் தேடி அலைந்து அலைந்துதான் பலர் சலித்துப்போகிறார்கள். அவற்றை இப்போதே கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.


சாவிக்கொத்து:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக பிரேக் பற்றி எழுதியதற்கு. ஹோஸ்களை மாற்றுவதற்குத்தான் இந்த மாதப் பணம் என்று நினைத்திருந்தேன், ஆனால் வெல்டிங் முடிந்த பிறகே புது ஹோஸ் என்பது இப்போது புரிகிறது, அதனால் முதலில் தரை. பக்கத்தில் மிக் வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், தகடு வெட்டிப் பொருத்தி வைத்தால் வந்து பற்ற வைக்கிறேன் என்றார். அப்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்? கதவு அடிப்பகுதிக்கு என்ன செய்வது? கடைசியில் பெயிண்டை நானே அடிக்கலாமா?


தகரம்:

அவர் வரும் நாளுக்கு முன் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கையும் அதன் குழாயையும் காரிலிருந்தே இறக்கி தூரத்தில் வையுங்கள். காலி டேங்க்தானே என்று விடக் கூடாது, உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும், அது காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். டேங்கில் ஓட்டை இருந்தால் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள், அதற்கென்று உள்ளவரிடம் கொடுங்கள் அல்லது வேறு டேங்க் தேடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயில் குளோரின் கலந்த வகை உண்டு, அதை அடித்த இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும், ஆகவே தகட்டைத் துடைக்க அதைத் தொடவே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், தீயணைப்பான், முடிந்த பிறகு அரை மணி நேரமாவது பக்கத்திலேயே இருங்கள், தார் ஷீட் புகைந்துகொண்டே இருந்து பிறகு பற்றும்.

கதவு அடியில் துரு வருவதற்குக் காரணம் வடிகால் துளைகள். கதவின் அடி ஓரத்தில் சின்னத் துளைகள் இருக்கும், கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை, அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். முதலில் ஒரு கம்பியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். துளையை அடைத்துவிட்டு மேலே என்ன பூசினாலும் திரும்ப வரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றியைத் தடவி, காய்ந்ததும் எப்பாக்ஸி பிரைமர். ஓட்டை விழுந்திருந்தால் பட்டியால் அடைக்காதீர்கள், தகடு போட்டே ஆக வேண்டும். பட்டி நெளிவைச் சமன் செய்ய மட்டும்தான், அதிகபட்சம் 3 மி.மீ. கனம். அதுவே ஈரத்தை உறிஞ்சும்.

பெயிண்ட் நீங்களே அடிக்கலாம், ஆனால் கெட்டியாக்கி கலக்கும் இரண்டு டப்பா பெயிண்டை வீட்டில் தொடாதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, சுவாசத்தில் போனால் நிரந்தரமாக ஆஸ்துமா வரலாம், சாதாரண ஃபில்டர் மாஸ்க்கை நம்பி அதை அடிக்க முடியாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். ஒரு டப்பா எனாமல் அல்லது அக்ரிலிக் அடியுங்கள், அதற்கும் ஆவி தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துத்தான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்த தூசி பறக்கும்படி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். 180, 320, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றுங்கள். தேய்ப்பதில்தான் பளபளப்பு இருக்கிறது, ஸ்ப்ரே துப்பாக்கியில் இல்லை. சாதாரண பிரைமரோடு மட்டும் காரை வெளியே நிறுத்திவிடாதீர்கள், அது ஈரத்தைத் தடுக்காது, அடியில் துரு மறுபடி கிளம்பிவிடும். அன்றைக்குப் பெயிண்ட் வாங்கப் பணம் இல்லையென்றால் எப்பாக்ஸி பிரைமரோடு ஷெட்டுக்குள் காத்திருக்கட்டும்.

தரைத் தகட்டை வெட்டியதும் படம் போடுங்கள், ஓரங்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.